பின்துளையில் ஒரு மயிரிழை

செப்டம்பர் 21, 2024, சனி

வெங்கடாசலம் வீட்டைக் காலி செய்கிறான். நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவுக்கு மாற்றல். வழக்கம்போல எங்கள் டெக்சஸ் ஊரான ரிச்சர்ட்சனின் தமிழ் வாட்ஸாப் குழுவில் நேற்றே பட்டியல் போட்டுவிட்டான்: தோட்டத்து மேஜை, டிரெட்மில், வெட் கிரைண்டர், கறிவேப்பிலைச் செடி இரண்டு. கிரைண்டருக்காகத்தான் போனேன். எனக்கு முன்னால் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் கராஜுக்குள் இழுத்துப் போனான். மரப்பெட்டி ஒன்று. திறந்தால், துண்டு துண்டாக ஒரு ரைஃபிள். மூன்று வருடமாகப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தானாம். ஒரு தடவைகூட மாட்டிப் பார்த்ததில்லை.

"அந்த ஊருக்கு இதக் கொண்டு போனா உள்ள வச்சிருவான்டா. நீ எடுத்துக்கோ. இப்ப உனக்குத்தான் தேவை."

தேவைதான். நாங்கள் சர்ச்சுக்குப் போயிருந்தபோது வீடு உடைக்கப்பட்டு நாளையோடு ஐந்து வாரம். டிவியைத் தொடவில்லை, லேப்டாப்பைத் தொடவில்லை. நேராக என் மனைவி லீலாவின் நகை. சமையலறையில் அரிசி டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தான். நம் ஆட்கள் தங்கத்தை எங்கே ஒளிப்பார்கள் என்று தெரிந்து வந்தவன். அன்றிலிருந்து வீட்டை நாங்கள் காலியாக விடுவதில்லை. ஞாயிறு காலை ஆராதனைக்கு நான், மாலை ஆராதனைக்கு லீலாவும் மகள் ஜெபினாவும்.

பெட்டியை வாங்கிக்கொண்டேன். லீலாவிடம் டிரில் மெஷின் என்று சொன்னேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

லீலா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டாள். "இது டிரில் இல்லையே" என்றாள்.

செப்டம்பர் 28, சனி

சாப்பாட்டு மேஜை மேல் பழைய துண்டு விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். தோட்டா ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை, வாங்கவும் இல்லை. இதை இங்கே எழுதிவைக்கிறேன். லீலாவிடம் நான்கு முறை சொல்லியாயிற்று.

விஷயம் சுலபம். குழல் இருக்கும் மேல்பாதி ஒன்று. விசை இருக்கும் கீழ்ப்பாதி ஒன்று. முன்னால் ஒரு பின் ஆணி, பின்னால் இன்னொன்று, இரண்டையும் தள்ளினால் பாதிகள் சேர்ந்துவிட வேண்டும். முன்னால் உள்ள ஆணி வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. பின்னால் உள்ளது போகவில்லை. மேல்துளையும் கீழ்த்துளையும் நேர்க்கோட்டில் வரவில்லை. விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் முழுவட்டம் தெரிய வேண்டிய இடத்தில் தேய்பிறை. வித்தியாசம் ஒரு மயிரிழை இருக்கும்.

பதினெட்டு வருடமாக டெஸ்ட் இன்ஜினியர். டெலிகாம் பெட்டிகளை உடைத்துப் பார்த்துக் குறை எழுதுவதுதான் பிழைப்பு. இந்த மயிரிழை என்னிடம் எத்தனை நாள் தாங்கும்?

ஜெபினா சீரியல் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். பதிமூன்று வயதுக்கு எல்லாமே வேடிக்கை. "அப்பா, மேபி இட் டஸ்ன்ட் வான்ட் டு ஃபிட்." போய் ஹோம்வொர்க் செய் என்றேன்.

அக்டோபர் 5, சனி

1. பூச்சு தடிமனாக இருக்கலாம். சுரண்டிப் பார்த்தேன். இல்லை.
2. எங்கேயாவது இடிக்கிறதா? நீல மார்க்கர் தடவி மூடித் திறந்தேன். பின்மூலையில் மை அழிந்திருக்கிறது. அங்கேதான் இடிக்கிறது. ஆனால் ஏன் இடிக்கிறது?
3. ஆணி வளைந்திருக்கிறதா? கண்ணாடி மேல் உருட்டினேன். நேராகத்தான் இருக்கிறது.

இடுக்கு அளக்கும் தகடுகளை ஆபீசிலிருந்து கொண்டுவந்தேன். திங்களன்று திருப்பிவைக்க வேண்டும்.

அக்டோபர் 19, சனி

சண்டை. மேஜை மேலிருந்து எடுத்துத் தொலையுங்கள் என்றாள். இன்னும் ஒரே ஒரு வாரம் என்றேன்.

"திருடன் வந்தப்ப நாம வீட்ல இல்ல. அதனால உசுரோட இருக்கோம். அடுத்த தடவ இருந்தா? உங்க கையில இதுவும் இருந்தா? என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. யோசித்தது வேறு. அரிசிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு பிடியாக அள்ளிச் சலித்தாளே, ஒரு கம்மலாவது கிடைக்காதா என்று — அப்போது நான் கதவோரம் நின்று இன்சூரன்ஸ்காரனுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். அதைத்தான் இரண்டு மாதமாக யோசிக்கிறேன். இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது.

நவம்பர் 9, சனி

உப்புத்தாள் வைத்துப் பின்மூலையைத் தேய்த்தேன். நான்கு இழுப்பு, ஒரு பரிசோதனை. மறுபடி நான்கு. ஆணி பாதி உள்ளே போயிற்று. சந்தோஷத்தில் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு தட்டினேன். சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்க ஒரு மணி நேரம். எடுத்த பிறகு பார்த்தால் பாதிகள் சேர்ந்தாலும் லொடலொடவென்று ஆடுகின்றன. சேராதது போய், சேர்ந்தும் ஆடுவதாக ஆயிற்று.

ஆபீசில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் தோலை உரித்திருப்பேன். காரணம் தெரியாமல் எதையும் தேய்க்காதே — புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் நடத்தும் முதல் வகுப்பே அதுதான்.

டிசம்பர் 4, புதன்

வந்துவிட்டது! கிரீன் கார்டு நேர்காணல். ஜனவரி 16, காலை 9.20. எனக்கும் லீலாவுக்கும். பன்னிரண்டு வருடக் காத்திருப்பு.

கடைசி விண்ணப்பமான 485-ஐப் போட்ட அன்று, இரண்டு வருடத்துக்கு முன்னால், குழுவையே கூப்பிட்டு கேக் வெட்டினோம். கேக் மேல் கொடிகூட வரைந்திருந்தது. பாதிப் பேர் கார்டே வந்துவிட்டதென்று நினைத்துக் கை குலுக்கினார்கள். நானும் திருத்தவில்லை, வந்த மாதிரிதானே.

லீலா தபாலைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றே ஜெபம் செய்தாள். பிறகு என்னிடம் பேசினாள். பல நாளுக்குப் பிறகு தானாக. "கார்டு வந்ததும் முதல்ல அம்மாவப் பாத்துட்டு வரணுங்க." அவள் அம்மாவைப் பார்த்து ஐந்து வருடம் ஆகிறது.

மேஜையைக் காலி செய்துவிடுகிறேன் என்றேன். சனிக்கிழமை கடையில் கொடுத்துச் சரிபார்த்து, பூட்டி, அலமாரி மேல் வைத்துவிட வேண்டும்.

டிசம்பர் 7, சனி

வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

ஹைவே சர்வீஸ் ரோட்டில் துப்பாக்கி ரிப்பேர்க் கடை. கிழவர், நெற்றியில் பூதக்கண்ணாடி. பெட்டியைத் திறந்து இரண்டு பாதிகளையும் கையில் எடுத்தார். இரண்டே நிமிடம். கீழ்ப்பாதியில் துளை போட்டவனே தவறாகப் போட்டிருக்கிறான், ஒரு மயிரிழை கீழே. நீங்கள் கிறிஸ்துமஸ் வரை தேய்த்தாலும் சரியாகாது என்றார். பின்மூலையில் நான் தேய்த்த இடத்தை விரலால் தடவினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புதிய கீழ்ப்பாதி விற்கிறேன், மற்றதெல்லாம் அப்படியே மாட்டிக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன். அப்படியானால் இந்தப் படிவத்தை நிரப்புங்கள் என்று ஒன்றை நீட்டினார்.

எதற்குப் படிவம், ஒரு உதிரி பாகம்தானே என்று கேட்டேன்.

அவர் அந்தக் கையகல உலோகத்தைத் தூக்கிக் காட்டினார். சார், சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கி என்பதே இந்தத் துண்டுதான். குழல், கட்டை எல்லாம் வெறும் சாமான். இது மட்டும்தான் துப்பாக்கி.

படிவம் என்றால் எனக்குப் பயமா? இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அதுதானே வேலை. பேனாவை எடுத்து மளமளவென்று இறங்கினேன். ஒரு கேள்வி: விசாவில் இந்த நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவரா?

ஆம். எச்-ஒன்பி, வேலை விசா.

அடுத்த வரி, ஆம் என்றால் விதிவிலக்கு ஏதாவது உண்டா என்றது. அங்கே பேனா நின்றது. அது என்ன என்று கேட்டேன். கிழவர் கண்ணாடியைக் கழற்றினார்.

விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வேட்டை லைசென்ஸ் போல ஒன்றிரண்டு விலக்கு உண்டு, உங்களிடம் இருக்கிறதா என்றார். வேட்டையா? கரப்பான்பூச்சியைக்கூட நான் அடித்ததில்லை, அது லீலாவின் இலாகா. கிரீன் கார்டுக்குப் போட்டாயிற்று, அடுத்த மாதம் நேர்காணல் என்றேன். அவர் பாவமாகப் பார்த்தார். போட்டிருப்பது வேறு, கையில் இருப்பது வேறு என்றார்.

பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இதை இனி உங்கள் கையில் தர முடியாது, உரிய இடத்தில் நானே ஒப்படைத்துவிடுகிறேன், நல்ல வக்கீலாகப் பாருங்கள் என்றார். படிவத்தையும் படித்துப் பார்க்காமலே கிழித்துக் குப்பையில் போட்டார். என் பெயரைக் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 21 முதல் இன்று வரை எழுபத்தேழு நாள். எழுபத்தேழு நாளும் குற்றம். சாப்பாட்டு மேஜை மேல், துண்டு விரித்து, விளக்குப் போட்டு! இந்த வீட்டில் ஒரே அமெரிக்கப் பிரஜை இங்கேயே பிறந்த ஜெபினாதான். அவளுக்கும் வயசு பத்தாது.

அய்யோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

காலை ஆராதனையில் பாவ அறிக்கை ஜெபம். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து வக்கீல் அஞ்சனாவிடம் பேசினேன். எங்கள் விண்ணப்பத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். சென்னைக்காரர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"ரூஃபஸ், ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு. அரெஸ்ட் ஆகலன்னாலும், எப்பவாவது குற்றம் பண்ணியிருக்கீங்களான்னு. நீங்க கையெழுத்துப் போட்டப்ப 'இல்ல'ன்னது உண்மை. ஆனா இன்டர்வியூல ஆபீசர் அதையே திரும்பக் கேப்பாங்க. சத்தியம் வாங்கிட்டுக் கேப்பாங்க."

தெரியாமல்தானே செய்தேன் என்றேன்.

"அத நான் வாதாடலாம். ஜெயிக்கும்னு ப்ராமிஸ் பண்ண முடியாது. ஆனா பொய் சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லி மாட்டினா அதுக்கப்புறம் எந்தக் கதவும் இல்ல."

டிசம்பர் 11, புதன்

வெங்கடாசலத்துக்கு போன் போட்டேன். "டேய், நீ கேக் வெட்டினியேடா. கார்டு வந்துருச்சுன்னுதான்டா நெனச்சேன்" என்றான். பிறகு, "என் பேரக் கேட்டா சொல்லிரு. கேக்காம குடுத்தது என் தப்பு."

அவன் தப்பு இல்லை. கை குலுக்கினபோது திருத்தாதது யார்?

டிசம்பர் 14, சனி

லீலாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள், அழுவாள், "அப்பவே சொன்னேனே" என்பாள் என்று மூன்றுக்கும் தயாராகப் போனேன். மூன்றும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

சொன்னேன்.

"கடைக்காரருக்கு உங்க பேர் தெரியாது. வக்கீல் வெளிய சொல்ல மாட்டாங்க. வெங்கடாசலம் நம்ம ஆள். அப்புறம் என்ன? கேட்டா 'இல்ல'ன்னு சொல்லுங்க."

சர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். பிள்ளைகள் காப்பியடித்தால் வீட்டுக்கே போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறவள். அவளா இது?

"என்ன பாக்குறீங்க? பன்னண்டு வருஷங்க. எங்கம்மாக்கு எழுபத்தொம்பது வயசு. ஒரே ஒரு வார்த்த."

டிசம்பர் 25, புதன்

கேக். ஆராதனை. வீட்டில் எடுத்த புகைப்படத்தில் மூவரும் சிரிக்கிறோம்.

ஜனவரி 4, 2025, சனி

ஒத்திகை பார்க்கிறேன். குளிக்கும்போது, ஃப்ரீவேயில், மீட்டிங் நடுவில். 'இல்லை' — சுலபமாக வருகிறது. பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன், பத்துத் தடவையும் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

பதினெட்டு வருடத்தில் ஒரு குறையையும் நான் மறைத்து ரிப்போர்ட் எழுதியதில்லை. அதில் ஒரு திமிர் எனக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் திமிருக்கு லீலாவின் அம்மா ஏன் விலை கொடுக்க வேண்டும்? ஜெபினா ஏன் கொடுக்க வேண்டும்?

ஜனவரி 15, புதன்

லீலா என் சட்டையை இஸ்திரி போட்டாள். நான் கேட்காமலே. காலரைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிவு பண்ணிட்டீங்களா?"

தெரியல லீலா என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

ஜனவரி 16, வியாழன்

அதிகாரி சின்னப் பெண், முப்பதுக்குள் இருக்கும். கையை உயர்த்தி நானும் லீலாவும் சத்தியம். அஞ்சனா என் இடப்பக்கம், லீலா வலப்பக்கம்.

கேள்விகளைத் திரையிலிருந்து படித்துக்கொண்டே போனார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆயுதக் குழுவில் இருந்தீர்களா, இல்லை. யாரையாவது சித்திரவதை செய்தீர்களா, இல்லை. பொய்ச் சான்று கொடுத்தீர்களா, இல்லை. 'இல்லை'களுக்கு ஒரு தாளமே வந்துவிட்டது. அந்தத் தாளத்திலேயே அந்தக் கேள்வியும் வந்தது. கைதாகாவிட்டாலும், எப்போதாவது குற்றம் செய்ததுண்டா?

வாய்க்குள் 'இல்லை' தயாராக இருந்தது. சத்தியமாக இருந்தது.

"யெஸ்" என்றேன்.

தட்டச்சு நின்றது. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அஞ்சனா பேனாவைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டி, துளை, உப்புத்தாள், கிழவர், எழுபத்தேழு நாள். வாக்குமூலமாகத் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கினார். லீலாவின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு அவர் லீலாவிடம் திரும்பினார். அது வீட்டில் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்று ஒரு வார்த்தை. டிரில் மெஷின் என்று சொன்னார் என்றால்கூடப் போதும். அது பொய்யும் இல்லை. இவள் சொல்லிவிடுவாள், சொல்லட்டும், சொல்லித் தப்பித்துக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இட் வாஸ் ஆன் மை டைனிங் டேபிள்" என்றாள் லீலா. "எவ்ரி டே ஐ மூவ்ட் இட் டு கீப் த பிளேட்ஸ்."

முடிவு தபாலில் வரும் என்றார்கள். காரில் ஏறியதும் நான் எதையோ ஆரம்பித்தேன். "பேசாம டிரைவ் பண்ணுங்க" என்றாள். கொஞ்ச தூரம் போனபின் கியர் மேல் இருந்த என் கை மேல் தன் கையை வைத்தாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

தபால் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

வந்தது. இரண்டு பக்கம். இருவருக்கும் மறுப்பு. எல்லாத் தகுதியும் இருந்தும், அவர்களுக்குள்ள உரிமைப்படி, சாதகங்களையும் பாதகங்களையும் எடை போட்டு என்று என்னவோ எழுதியிருக்கிறது. வழக்கு எதுவும் போடவில்லை, அது ஒன்றுதான் நல்ல செய்தி என்கிறார் அஞ்சனா. மேல்முறையீட்டுக்கு வழி தேடலாம், வருடக்கணக்கில் ஆகும் என்கிறார். விசாவை இனி நீட்டிக்க மாட்டோமென்று கம்பெனியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். கனடாவில், டொரான்டோ ஆபீசில் இடம் இருக்கிறதாம். ஜூன் மாதம்.

ஜெபினா கடிதத்தை முழுக்கப் படித்தாள். "சோ ஒன்லி ஐ கேன் ஸ்டே?" என்று கேட்டாள். பதிமூன்று வயது. நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வருத்தமா? ஆமாம். மறுபடி அதே நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் அதே பதிலைச் சொல்வேனா? தெரியவில்லை. பெருமைக்காக எதையும் இங்கே எழுதப்போவதில்லை. தெரியவில்லை.

ஏப்ரல் 12, சனி

குழுவில் பட்டியல் போட்டேன்: சோபா, ஜெபினாவின் சைக்கிள், தோட்டத்து நாற்காலி நான்கு, டூல் பெட்டி. அரிசி டிரம்மையும் எழுதியிருந்தேன். லீலா பார்த்துவிட்டு, "அது வேணாம், அது கூட வருது" என்றாள்.

நாற்காலிகளுக்கு சபரி வந்தான். புதுப் பையன் மாதிரி இருக்கிறான், ஆனால் வந்து ஏழு வருடமாம். "அண்ணா, எங்களுக்கு 485 போட்டாச்சு! அடுத்த சனிக்கிழம கேக் கட் பண்றோம், மூணு பேரும் கண்டிப்பா வரணும்." வருகிறோம் என்றேன். கார்டு கையில் வரும்வரை விசாதான் தம்பி, அதை மறக்காதே என்றேன். என்னவோ மூத்தவர் சொல்கிறார் என்று தலையாட்டினான்.

போகும்போது கராஜை எட்டிப் பார்த்தான். "உள்ள வேற எதாச்சும் குடுக்கறதுக்கு இருக்கா அண்ணா?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

காலை ஆராதனைக்கு மூவரும் ஒரே காரில் போனோம். எட்டு மாதத்தில் முதல் தடவை. பாதி வழியில், "கதவப் பூட்டினீங்களா?" என்று லீலா கேட்டாள். ஞாபகம் இல்லை என்றேன். திரும்பிப் போகச் சொல்லவில்லை.